வெர்ன் ஹக்கலாவின் பூஜ்யம்

வெர்ன் ஹக்கலா முதல் நாள் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது நாற்காலிதான் முனகியது. அவர் முனக ஆரம்பித்தது இரண்டாவது வாரம்.

ஆள் ஆறடிக்கு மேல் உயரம். வயது ஐம்பதைத் தாண்டி சில வருஷம். அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரத்திலிருந்து ஏரிக்கரையோரமாக வடக்கே போகும் சாலையில் பாதி ஆயுளை லாரியில் கழித்தவர். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்து மூச்சு விடும் நோயாளிகளுக்கு சிலிண்டர் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. ஒரு குளிர்காலத்தில் யார் வீட்டுப் படியிலோ பனிக்கட்டி வழுக்கி, சிலிண்டரைத் தாங்கிப் பிடிக்கப்போய் முதுகை உடைத்துக்கொண்டார். சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரிக் கம்பெனி கைகுலுக்கி, ஒரு கேக்கை வெட்டி, வீட்டுக்கு அனுப்பி வைத்தது.

அந்தக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் ஆபீஸ். முதலாளி ப்ரென்ட், நான், இன்னும் நாலைந்து பேர். ப்ரென்ட்டுக்கு மனசு இளகினால் எங்கள் தலையில்தான் விடியும். "எழுதத் தெரிஞ்சவன் ஊர் பூரா இருக்கான் மார்னி. அந்த வீடுகளுக்குள்ள போய்ப் பாத்தவன் நம்மகிட்ட ஒருத்தன்கூட இல்ல. நீ கத்துக் குடு, வந்துருவாரு" என்றார். பொறுமை என்பது என்னிடம் மருந்துக்கும் கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை வரை வெர்னுக்குச் சோதனைக் காலம். தேறினால் வேலை, வேலையோடு மருத்துவக் காப்பீடு. காப்பீடுதான் விஷயமே. அவர் மனைவி லோயிஸுக்கு நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்னும் நோய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினால் அது அடங்கிக் கிடக்கும். அடுத்த முறை மார்ச்சில். லாரிக் கம்பெனியின் காப்பீடு பிப்ரவரியோடு முடிகிறது. கைக்காசு போட்டு அதை நீட்டிக்கலாம்தான். அவர்கள் கேட்ட தொகைக்கு வீட்டை விற்று லாரியில் குடியிருக்க வேண்டும், அந்த லாரியும் இப்போது இல்லை. இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டார், ஏதோ வண்டியின் பழுதைச் சொல்வதுபோல.

நாங்கள் எழுதுவது க்ளோஜர் என்ற மொழி. பார்த்தால் திரை முழுக்க அடைப்புக்குறியாக இருக்கும். அவர் ஒரு விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு குறியாக எண்ணிக்கொண்டே போவார். "ஏம்மா, இதைக் கண்டுபுடிச்சவனுக்கு வேற எழுத்தே கெடைக்கலியா?"

"விரலை எடுங்க. திரை பூரா கெச்சப்."

மத்தியானம் அவர் பேஸ்டியை, அதாவது இறைச்சி அடைத்துச் சுட்ட பெரிய ரொட்டியை, கெச்சப் ஊற்றிச் சாப்பிடுவார். அதற்கு கிரேவிதான் ஊற்ற வேண்டும் என்று நான் சண்டை போடுவேன். அந்தச் சண்டையில் மட்டும் அவர் என்னை ஜெயித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கொடுத்த வேலை சரிபார்ப்பு. தினமும் காலையில் கிளினிக்குகளிலிருந்து நோயாளிகளின் பதிவுகள் வரும். ஒரு பதிவு என்பது ஒரு பெரிய பெட்டி. அதற்குள் முகவரிக்கு ஒரு பெட்டி, வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்ஸிஜன் கருவிக்கு ஒரு பெட்டி, கரண்ட் போனால் பயன்படுத்த வைத்திருக்கும் மாற்று சிலிண்டர்களுக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியது இருக்கிறதா, இருக்கக் கூடாதது வந்துவிட்டதா என்று நிரல் பார்க்க வேண்டும். இந்த மொழியில் எந்தப் பெட்டியையும் திறந்து உள்ளே இருப்பதை மாற்ற முடியாது. பழையதை அப்படியே விட்டுவிட்டு அதிலிருந்து புதியது ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். அதைச் சொன்னபோது வெர்ன், "லோயிஸ் இதைப் படிச்சிருந்தா என்னை அப்படியே விட்டுட்டு வேற ஒருத்தனைச் செஞ்சிருப்பா" என்றார்.

நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன் என்ற இடத்துக்கு அவர் எழுதிய முதல் விதி, 'அது எண்ணாக இருக்க வேண்டும்'. நான் மைனஸ் இரண்டு என்று போட்டுக் காட்டினேன். நிரல் தலையாட்டி ஏற்றுக்கொண்டது.

"மைனஸ் ரெண்டா? அந்த மனுஷன் கருவிக்குள்ள திருப்பி ஊதறாரா?"

"நீங்கதான எண்ணா இருந்தாப் போதும்னு எழுதினீங்க. சரி, பூஜ்யத்துக்கு மேலன்னு எழுதுங்க."

எழுதினார். இருநூறு என்று போட்டேன். அதையும் ஏற்றுக்கொண்டது.

"வீடு பறந்து ஏரிக்குள்ள விழுந்துரும்" என்றார், சிரிக்காமல்.

இப்படித்தான் போயிற்று. இன்னொரு நாள், தப்பான பதிவுகளைச் சல்லடையில் சலித்து வெளியே தள்ளுவதுபோல எழுதி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாப் புத்தகத்திலும் முதல் பாடம் அதுதான். "சரி, வெளிய தள்ளினீங்க. அந்தப் பதிவு இருக்கற ஆளு வீட்டுக்கு யாரு சிலிண்டர் கொண்டுபோவா?" என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. முழுவதையும் அழித்துவிட்டு, பதிவை ஓட்டத்திலேயே விட்டு, கூடவே லாரிக் கம்பெனிக்கு ஓர் எச்சரிக்கை போவதுபோலத் திருப்பி எழுதினார். எச்சரிக்கை வந்தால் அங்கே இருப்பவர்கள் கிளினிக்கைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள்வார்கள்.

இரண்டாவது வாரம் என்றேனே. மத்தியானம் ஆளைக் காணவில்லை. கீழே போனால் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன்.

"எனக்கு இது ஏறாது மார்னி. தப்பு தப்புன்னு திரை பூரா செவப்பா கொட்டுது, ஒரு வரி புரியல. லோயிஸுக்கு நேத்து கையில ஸ்பூன் நிக்கல. நான் இங்க உக்காந்து அடைப்புக்குறி எண்ணிட்டிருக்கேன்."

ஆறுதல் சொல்லும் வித்தை எனக்கு வராது. "அழுது முடிச்சிட்டு மேல வாங்க. அந்தச் செவப்பை எந்த வரியிலேருந்து படிக்கணும்னு காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கற்றுக்கொண்டார்.

ஜனவரி நடுவில் அவர் எழுதியது தயாராகிவிட்டது. நாங்களே தட்டிச் சோதித்துப் பார்க்கும் கட்டளைத் திரையில் ஒரு தப்பான பதிவைக் கொடுத்தால், என்ன தப்பு, எந்தப் பெட்டியில் என்று அழகாகச் சொல்லி, எச்சரிக்கையையும் அனுப்பியது. கருவிக்குக் கரண்ட் தேவை என்றால் மாற்று சிலிண்டர் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று இரண்டு பெட்டிகளைச் சேர்த்துப் பார்க்கும் விதி ஒன்றையும் எழுதியிருந்தார். அதற்காகப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ப்ரென்ட் வரிவரியாகப் படித்து ஒப்புதல் கொடுத்தார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ப்ரென்ட் வைத்துக்கொள்ளவில்லை. நிரல் ஓட ஆரம்பித்தது.

முதல் வாரம் எச்சரிக்கை பூஜ்யம். இரண்டாவது வாரமும் பூஜ்யம். ப்ரென்ட் சுவர்ப் பலகையில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, வீட்டிலிருந்து மனைவி செய்த லெமன் பார் இனிப்பு ஒரு தட்டு கொண்டுவந்தார். லாரிக் கம்பெனி மேனேஜர் ஃபோனில் கூப்பிட்டு, கிளினிக்குகள் கடைசியில் திருந்திவிட்டன என்று வாழ்த்தினார். வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்து கிடைத்த மாதிரிதான் என்று எல்லோரும் வெர்ன் முதுகில் தட்டினார்கள், உடைந்த முதுகு என்பதை மறந்து.

வெர்ன் லெமன் பாரைத் தொடவில்லை. மற்றவர்கள் போன பிறகு என் பக்கம் குனிந்தார்.

"பூஜ்யம் வராது மார்னி."

"வந்திருக்கே."

"நான் அந்த ரோட்டுல ஓட்டின காலத்துல ஒரு வாரம்கூட கிளினிக்காரங்க சுத்தமா அனுப்பினதில்ல. செத்துப்போன ஆளுக்கு சிலிண்டர் எடுத்துட்டுப் போய் நின்னுருக்கேன், அவங்க பொண்டாட்டி முன்னால. பூஜ்யம்னா என்னமோ உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சா திரையில தெரிஞ்சிருக்கும். பேசாம இருங்க."

அவரால் பேசாமல் இருக்க முடிந்தது, சும்மா இருக்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் தோண்டினார். தப்பான பதிவை எடுத்துக் கட்டளைத் திரையில் போடுவார், எச்சரிக்கை போகும். அதே நிரல் தானாக ஓடும்போது ஒன்றும் போகாது. நூறு முறை செய்திருப்பார். சாப்பாட்டைத் தொடவில்லை, பேஸ்டி காய்ந்து கிடந்தது. கண் உள்ளே போய்விட்டது. "நான் பாத்தா செய்யுது, பாக்காட்டி செய்யல. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று கேட்டபோது அவர் குரலில் விளையாட்டே இல்லை. இது தெரியவந்தால் கையெழுத்து போய்விடும், தெரியாமல் போனால் அதைவிட மோசம் என்று இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி வாரம் புதன்கிழமை என்னைத் தன் திரைக்கு இழுத்தார். நான் வேறு வேலையில் இருந்த எரிச்சலோடு பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

"வெர்ன், இந்தக் கடைசி வரி. ஒவ்வொரு தப்பான பதிவையும் எடுத்து எச்சரிக்கையா மாத்திக் குடுன்னு எழுதியிருக்கீங்க. குடுத்தா அதை யாரு வாங்கிக்கறா?"

"யாரும் வாங்க வேண்டாமே. எச்சரிக்கை போகணும், அவ்வளவுதான்."

"அதான். இந்த மொழி சோம்பேறி. முடிவு யாருக்காவது வேணும்னாதான் வேலையையே தொடும். கட்டளைத் திரையில முடிவைக் காட்டியாகணும், அதனால செய்யுது. தனியா ஓடும்போது யாருக்கும் வேண்டாம். செய்யறேன்னு தலையாட்டிட்டுப் படுத்துக்குது."

அவர் விரலை அந்தக் கடைசி வரியில் வைத்தார். "அப்ப ஜனவரிலேருந்து..."

"ஒண்ணைக்கூடப் பாக்கல."

சரிசெய்ய ஒரு சொல் போதும். 'மாற்றிக் கொடு' என்பதை எடுத்துவிட்டு 'இப்போதே செய்' என்று வைக்க வேண்டும். இந்த மொழிக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான். எங்களுக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை. அவருக்கு அப்படியில்லை.

அவர் கை விசைப்பலகைக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை ப்ரென்ட் கையெழுத்துப் போடறாரு. போட்டு வாங்கிக்கோங்க. மத்தியானமே மாத்திடலாம். நடுவுல ரெண்டே நாள்."

இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். லோயிஸை எனக்குத் தெரியும். மற்றவர்கள் எனக்கு வரிசையில் வரும் பெயர்கள்.

"புயல் வருதுன்னு ரேடியோவுல சொல்றான்" என்றார் வெர்ன். "வடக்கே மண்ரோட்டுக் கடைசியில கம்பி அறுந்தா ரெண்டு நாளைக்குக் கரண்ட் வராது."

"நீங்க எழுதினது வர்றதுக்கு முன்னாலயும் அங்க கரண்ட் போயிட்டுதான் இருந்துச்சு."

"அப்ப அந்தக் கம்பெனியில ஒரு பொண்ணு உக்காந்து ஒவ்வொண்ணா கண்ணால பாத்துட்டிருந்தா. நம்ம நிரல் வந்ததும் அவளை வேற வேலைக்கு மாத்திட்டாங்க. இப்ப யாரும் பாக்கல, மார்னி. நான் பாக்கறேன்னு நெனச்சிட்டிருக்காங்க."

என் கையை மெதுவாக விலக்கினார். அந்தச் சொல்லை மாற்றினார். நிரலை ஓடவிட்டார்.

கொட்டியது. ஜனவரியிலிருந்து சேர்ந்த குப்பையெல்லாம் மொத்தமாக. வீட்டெண் இல்லாத முகவரி, நிமிஷத்துக்கு எழுபது லிட்டர், ஃபோன் நம்பர் இடத்தில் நாய் ஜாக்கிரதை என்று ஒரு குறிப்பு. நடுவில் எல்சி ப்ரூவர் என்று ஒரு பெயர் வந்ததும் வெர்ன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். வயதான அம்மாள், தனியாக இருப்பவர், இவர் வருஷக்கணக்கில் சிலிண்டர் இறக்கிய வீடு. கிளினிக் பதிவைப் புதுப்பித்தபோது கருவி வந்திருக்கிறது, மாற்று சிலிண்டர் பெட்டி வெறுமையாக இருக்கிறது. பட்டியலில் இல்லாததை எந்த டிரைவரும் இறக்க மாட்டான். எல்சி வீட்டில் ஒன்றுகூட இருக்காது.

வெர்ன் லாரிக் கம்பெனியைக் கூப்பிட்டு, மேனேஜரிடம் கெஞ்சவில்லை, கத்தினார். வியாழக்கிழமை காலை ஒரு வண்டி கிளம்பி அந்த வீட்டுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் போனது. சாயங்காலம் புயல் வந்தது. வடக்கே கம்பி அறுந்தது.

வெள்ளிக்கிழமை. ப்ரென்ட் அறையின் கதவு மூடியிருந்தது, ஆனால் அந்தக் கதவு பெயருக்குத்தான் கதவு. லாரிக் கம்பெனி கொதித்துப் போயிருக்கிறது, இத்தனை வாரம் தப்பு பூஜ்யம் என்று எங்களை நம்ப வைத்தீர்களே, ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்கிறோம் என்கிறார்கள், இப்போது அந்த ஆளை நிரந்தரமாக எடுத்தேன் என்று நான் போய் நிற்க முடியாது. இதெல்லாம் ப்ரென்ட் சொன்னது. அப்புறம் குரல் தாழ்ந்தது. "வேண்டாம்னு சொல்லல வெர்ன். மே வரைக்கும் சோதனைக் காலமாவே போகட்டும்."

"மார்ச்சுல லோயிஸுக்கு மருந்து ஏத்தணும்."

"தெரியும்."

"தெரியும்ல?"

"தெரியும் வெர்ன்."

நான் கதவைத் தட்டாமல் உள்ளே போய், அந்த வரியைப் படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது யார் என்று கேட்டேன். ஆபீஸ் பூரா கேட்கும்படி கேட்டேன். ப்ரென்ட் சிவந்துபோய் மேஜையைப் பார்த்தார். வெர்ன்தான் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "விடும்மா. உன் வேலையும் போயிடப் போவுது."

முதுகு பிடித்துக்கொண்டதால் அவரால் வண்டி ஓட்ட முடியவில்லை. நான்தான் கொண்டுவிட்டேன். லோயிஸ் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எங்களுக்காகக் காபி ஊற்றி வைத்திருந்தார், பாதி மேஜையில் சிந்தியிருந்தது.

"கையெழுத்து ஆச்சா?"

வெர்ன் கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லை மாற்றியது, கொட்டியது, எல்சி ப்ரூவர், மே மாதம். ஒன்றையும் விடவில்லை, நான் ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னதையும் சேர்த்து.

"அந்தம்மாவுக்கு சிலிண்டர் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு. ராத்திரி பூரா அதுலதான் இருந்தாங்களாம்."

"நல்லதாப் போச்சு" என்றார் லோயிஸ். கப்பை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தினார். பிறகு அதைத் தள்ளிவிட்டார். அது உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா வெர்ன்? என் காலு, என் கை. புதன்கிழமை வீட்டுக்கு வந்த, சூப் குடிச்ச, டிவி பாத்த. ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லியிருந்தா பொறுன்னிருப்ப."

"ஆமா. பொறுன்னிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

லோயிஸ் அழுதார். வெர்ன் முதுகு வளையாமல் முழங்காலில் இறங்கி உடைந்த கப்பைப் பொறுக்கினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் துணியை எடுத்து மேஜையைத் துடைத்தேன்.

மார்ச்சில் மருந்து ஏறவில்லை. வேறு வழி எல்லாம் முட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தின் நம்பரைக் கொடுத்தது. மே மாதம் ப்ரென்ட் கையெழுத்துப் போட்டார், காப்பீடு வந்தது, ஜூனில் மருந்து ஏறியது. அதற்கு முன்னால், ஏப்ரலில் ஒருநாள் காலையில் லோயிஸ் கட்டிலிலிருந்து எழுந்தபோது வலது கால் எழவில்லை. மருந்து நோயை நிறுத்தும், போனதைக் கொண்டுவராது என்று டாக்டர் சொன்னார். கால் வரவில்லை.

வெர்ன் இன்னும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். வேலை நன்றாகவே வந்துவிட்டது. பலகையில் யாராவது பூஜ்யம் என்று எழுதினால் எழுந்து வெளியே போய்விடுவார். எங்களில் யாரும் இப்போது எழுதுவதில்லை.

போன கோடையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெர்ன் வெளியே கிரில்லில் இறைச்சியைக் கருக்கிக்கொண்டிருந்தார். லோயிஸ் சக்கர நாற்காலியில் இருந்து அவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். வெர்ன் புகைக்குள் மறைந்த நேரம் பார்த்து, அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று லோயிஸிடம் கேட்டேன். இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்க எனக்குத்தான் வாய் வரும்.

லோயிஸ் போர்வையை விலக்கி அந்த வலது காலைக் காட்டினார். மெலிந்து, செருப்புகூட நிற்காமல் தொங்கியது.

"இதுக்கு இருக்கு" என்றார். "என்னோட மிச்ச உடம்புக்கு இல்ல. ஆனா இதையும் நான்தான் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கு, மார்னி, எங்க போனாலும்."